ரெண்டு பக்கமும் ஊக்கு

சிரிப்புக்கு நான் பொறுப்பு அக்கா. இந்த பஸ் ஈரோடு போய்ச் சேர்வதற்குள் நீங்கள் அந்தப் பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் போறீங்க. சிரிக்காவிட்டால் என் பெயர் லோகித் இல்லை. ஆனால் எடுத்தவுடனே கேட்கக் கூடாது. சிரிப்பு வருகிற இடத்துக்கு நேராகப் போய் இறங்கினால் அது சப்பென்று போய்விடும். முதலில் எங்கள் காலேஜைப் பற்றித் தெரிய வேண்டும், எங்கள் சேர்மனைப் பற்றித் தெரிய வேண்டும், அப்புறம் மன்றம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அதுகளைப் பற்றியும் தெரிய வேண்டும்.

ஆமாம், அதுகள்தான். அவர்கள் என்று சொல்லுமளவுக்கு அங்கே ஒன்றுமில்லை.

அதற்கும் முன்னால் ஒரு சாம்பிள் காட்டுகிறேன், அப்போதுதான் நம்புவீங்க. இருங்க. 'படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்குதுங்க, உள்ள போங்க.' பார்த்தீங்களா? அந்த நீலச் சட்டைக்காரர் நகர்ந்துவிட்டார். கண்டக்டர் முன்னாடி டிரைவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறார், ஆனாலும் யார் சொன்னது என்று ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜனங்களுக்குக் குரல் இருந்தால் போதும் அக்கா, ஆள் தேவையே இல்லை. இதைப் புரிந்துகொண்டவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான்.

நான் படிப்பது அறச்சுடர் கலை அறிவியல் கல்லூரி, பி.காம்., முதல் வருஷம். அறமும் கிடையாது, சுடரும் கிடையாது, கேட் மட்டும் பெரிசு. சேர்மன் பெயர் சென்னியப்பன். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராய் போர் போட்டுச் சம்பாதித்தவர். பூமியில் ஓட்டை போட்டது போதும் என்று தோன்றியதும் பிள்ளைகளுக்குக் கல்வி தர வந்துவிட்டார். கம்ப்ரெசர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை உமி அரைத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போதும் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்துவார், எங்கேயோ ஒரு மிஷின் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

அவர் எழுத மாட்டார், டைப் அடிக்க மாட்டார். உத்தரவு எல்லாம் வாட்ஸப்பில் வாய்ஸாகத்தான் வரும். வந்ததும் பிரின்சிபால் அனுப்புவார், டிசிப்ளின் கமிட்டி அனுப்பும், கிளாஸ் லீடர் அனுப்புவான், கடைசியில் கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் போகும். எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். முன்னால் ஒரு எகனாமிக்ஸ் சார் போன் போட்டு, ஐயா நீங்க சொன்னது இதுதானுங்களா என்று கேட்டாராம். காது கேக்காத ஆளு எனக்கு எதுக்கு என்றாராம் சேர்மன். அந்த சார் இப்போது வேறெங்கோ வேலை பார்க்கிறார். அதிலிருந்து உத்தரவைச் சரிபார்ப்பதே ஒழுங்கீனம். எவ்வளவு பெரிய படிப்பாளிகள் பாருங்க, பி.எச்.டி. முடித்தவர்கள், ஒரு வாய்ஸுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள்.

சரி, இப்போது ஷால்.

சுடிதார் போட்டு வருகிற பெண்கள் ஷாலை மடித்து, ரெண்டு தோளிலும் ஊக்கு குத்தி, முன்னால் நேராகத் தொங்க விட வேண்டும். ஒரு பக்கம் ஊக்கு இல்லாவிட்டாலும் கேட்டிலேயே நிறுத்திவிடுவார் குழந்தைவேலு சார். அவர்தான் பிசிகல் டைரக்டர், டிசிப்ளின் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கழுத்தில் விசில், வாயில் எப்போதும் ஒரே பாட்டு. அவர் குரலில் சொல்கிறேன், கேளுங்க. 'ஏம்மா, இது காலேஜா கல்யாண மண்டபமா?' பெண்களுக்கு இந்தக் கேள்வி, பையன்களுக்கு, 'ஏண்டா, இது தலையா தேங்கா நாரா?' அவ்வளவுதான் அவரிடம் சரக்கு. இந்த ரெண்டு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பென்ஷன் வரைக்கும் போய்விடுவார்.

இந்த ஷால் சட்டத்தில் கெமிஸ்ட்ரி லேபுக்குக்கூட விலக்குக் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு மேலேயும் ஷால் போட்டு ஊக்கு குத்த வேண்டும். கீழே பர்னர் எரியும், மேலே ஷால் ஆடும். கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷத்தில் மௌனிகா என்று ஒருத்தி. ஒருநாள் லேபில் ஷால் நுனி கருகிவிட்டது. கழட்டிப் பையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். வாசலில் விசில். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு என்றார்கள். என்ன தப்புக்கு என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு சஸ்பெண்ட். சனிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் டி.சி.

அவளுடைய அப்பா குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். டி.சி. வீட்டுக்கு வந்தால் தை மாசம் கல்யாணம், மாப்பிள்ளை ஏற்கனவே பார்த்து வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டார். படிப்பு அதோடு முடிந்தது. இதெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, ஊருக்கே தெரியும். புத்தி இருக்கிறவள் என்ன செய்வாள்? ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? தினமும் காலையில் கிளம்பி வந்து, காலேஜ் கேட்டுக்கு எதிரில் இருக்கிற பேக்கரியில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வரைக்கும். காலையில் இஞ்சி டீ, பதினோரு மணிக்கு வெஜ் பப்ஸ். பப்ஸில் மேல் தோலை மட்டும் முதலில் பிய்த்துத் தின்பாள், அப்புறம்தான் உள்ளே இருப்பது. டீயை ஆற வைத்துத்தான் குடிப்பாள். எனக்கு எதற்கு அதெல்லாம், கண்ணில் பட்டது, சொல்கிறேன்.

இவளுக்கு ஆதரவாகத்தான் மன்றம் கிளம்பியது.

நுண்கலை மன்றம். பெயரே எப்படி இருக்கிறது பாருங்க. பையன்கள் எல்லாம் ஒரு காதில் கடுக்கன், நகத்தில் கறுப்புச் சாயம், தோளில் வெளுக்காத கோரா துணிப் பை. பெண்கள் எல்லாம் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு, கறுத்துப்போன வெள்ளி வளையல். காசு கொடுத்து வாங்கிய சட்டையை வேண்டுமென்றே கிழித்து, அதற்கு மேல் நூல் போட்டுத் தைத்து, அதை எதிர்ப்பு என்பார்கள். என் பாட்டன் காலத்துக் கிழிசலை யாரும் எதிர்ப்பு என்று சொன்னதில்லை. அவர்கள் போடுகிற நாடகத்தில் வசனமே இருக்காது. ஒருத்தன் படுத்திருப்பான், இன்னொருத்தன் அவனைச் சுற்றி நடப்பான், முடிந்துவிட்டது என்று கை தட்டுவார்கள். என்னடா கதை என்று கேட்டால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

அதற்குத் தலைவன் இளவேந்தன், விஸ்காம் மூன்றாம் வருஷம். அவன் பேசினால் இப்படி இருக்கும்: 'தோழர்… துணிங்கிறது… வெறும் துணி இல்ல தோழர்.' வெறும் துணி இல்லாமல் வேறென்னடா, வெண்டைக்காயா? நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். சூடு சொரணை இல்லாத ஜன்மம்.

பஸ் ஷெட் பின்சுவரில் ஒரு பெரிய ஷால் வரைந்தார்கள். அதிலிருந்து கை கையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஷாலா, சாம்பார் சிந்திய இடமா, தெரியவில்லை. குழந்தைவேலு சார் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மறுநாள் அதே இடத்தில் மறுபடி ஷால். மறுபடி சுண்ணாம்பு. சுவருக்குத்தான் பாவம், ரெண்டு பக்கமும் பைத்தியங்கள்.

அந்த வாரம்தான் கல்லூரிக்கு கிரேடு போடுகிற ஆய்வுக் குழு வருவதாக இருந்தது, வெள்ளிக்கிழமை. காலேஜ் முழுக்க பெயின்ட் வாசனை, அதுவரை இல்லாத செடியெல்லாம் தொட்டியோடு வந்து இறங்கியது. செவ்வாய்க்கிழமை இந்த இளவேந்தன் என்னைத் தேடி வந்தான். தெருநாடகம் போடப் போகிறார்களாம், அதற்குச் சேர்மன் குரல் வேண்டுமாம், நீங்க செய்தால் நன்றாக இருக்கும் தோழர் என்றான். நான் ஒரே வார்த்தையில் முடித்தேன். நான் கலைஞன் இல்லைடா, ஆட்களை முட்டாளாக்குகிறவன், உங்களை மாதிரி என்னை நானே முட்டாளாக்கிக்கொள்கிற வேலை கிடையாது என்றேன். கோபமே வரவில்லை அவனுக்கு. சரி தோழர் என்று போய்விட்டான்.

மறுநாள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேஜையில் மௌனிகாவும் அவனும். நான் அங்கே இருப்பது அதுகளுக்குத் தெரியாது, என் முதுகு மட்டும்தான் தெரியும். நல்ல சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

'அவனுக்குக் கண்டக்டர், கோழிக்கடைக்காரர் வரைக்கும் வரும்' என்றாள் மௌனிகா. 'சேர்மன் குரல் வராது. அதுக்கு வயித்துல இருந்து வரோணும்.'

'வந்தாலும் என்னத்தைச் சொல்ல வைக்கிறது?' என்றான் அவன். 'ஆம்பளைங்களும் ஷால் போடுங்கன்னா சொல்ல முடியும்?'

ரெண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. கோழிக்கடைக்காரர் வரைக்குமாம். இன்னொன்று, ஆண்களுக்கும் ஷால் என்கிற யோசனை எனக்கு அப்போதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது, இவன் குறுக்கே வாயைத் திறந்து கெடுத்தான்.

நான் திரும்பவே இல்லை. டீ கிளாஸைப் பார்த்தபடியே, வயிற்றிலிருந்து, ஒரே ஒரு வரி. 'மாணவர்கள் எல்லாரும்… கிளாஸுக்குப் போகோணும்.' பேக்கரி முதலாளி கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். வேட்டியை வேறு இறக்கி விட்டார். மௌனிகா மட்டும் அசையவில்லை. ஐயா மாணவர்கள் என்று சொல்ல மாட்டார், புள்ளைங்க என்றுதான் சொல்வார் என்றாள். ஆரம்பத்தில் ஒரு தரம் செருமுவார், அது இல்லை என்றாள். கடைசியில் வணக்கம் சொல்ல மாட்டார், பாதியிலேயே கட் ஆகும் என்றாள். எனக்கே பாடம். என்னைவிட அதிகமாகக் கவனித்தவள் மாதிரி. நான் எழுந்து வந்துவிட்டேன். வரும்போதே முடிவு செய்துவிட்டேன். மன்றத்தையும் முட்டாளாக்க வேண்டும், மொத்தக் காலேஜையும் முட்டாளாக்க வேண்டும், முதல் ஆடு இளவேந்தன்தான்.

இல்லை அக்கா, சிரிப்பு இன்னும் வரவில்லை. பள்ளிபாளையம் தாண்டட்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வறுத்த கடலையை ஒரு கை தின்று, தண்ணீர் குடிக்காமல் பேசினேன். தொண்டை கரகரவென்று பிடித்துக்கொண்டது. முழுசும் சொல்லவா? சத்தம் போடாமல் சொல்கிறேன், இல்லாவிட்டால் பஸ்ஸே எழுந்து நிற்கும்.

'க்ஹ்ம்… புள்ளைங்க கேட்டுக்கோணும்… நாளைக்கு குழு வருது… ஒழுக்கம்னா பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டுந்தான்னு… அவுங்க நெனச்சிரக் கூடாது… ஆம்பளப் பசங்களும் ஷால் போட்டு… ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தி வரோணும்… வாத்தியாருங்களுந்தான்… ஊக்கு இல்லாத எவனையும்… உள்ள வுடாதீங்—'

பாதியில் கட். எப்படி?

என்னிடம் இன்னொரு சிம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. அதிலிருந்து இளவேந்தனுக்கு மட்டும் அனுப்பினேன். அவனுக்கு ஏன் சேர்மன் வாய்ஸ் யாரோ தெரியாத நம்பரிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? அந்த அரைவேக்காடு யோசிக்கவே இல்லை. டீ ஆறுவதற்குள் எங்கள் கிளாஸ் குரூப்பில் வந்துவிட்டது. கெமிஸ்ட்ரியில் வந்தது, ஹாஸ்டலில் வந்தது, விளையாட்டு டீமில் வந்தது. மன்றத்தில் இருக்கிற ஒவ்வொரு ஜீவனும் ஆளுக்குப் பத்து இடத்துக்குத் தள்ளியிருக்கிறது. கலைஞர்களாம், சுயமாகச் சிந்திக்கிறவர்களாம். நான் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்க்கிறேன், கண்ணை நம்ப முடியவில்லை அக்கா. காலேஜ் கேட்டில் பையன்கள் எல்லாம் ஷால். ரோஸ் ஷால், மஞ்சள் ஷால், ஜிகினா வைத்த ஷால், அக்கா ஷால், தங்கச்சி ஷால். கபடி டீமில் ஒருத்தன் இருக்கிறான், கதவு மாதிரி இருப்பான், அவன் தோளில் கிளிப்பச்சை ஷால், ரெண்டு பக்கமும் ஊக்கு. நானும் என் அம்மாவுடையதை எடுத்துப் போயிருந்தேன், எனக்கு மட்டும் இல்லாவிட்டால் சந்தேகம் வருமே.

இந்த மன்றத்துக் கூட்டத்தைக் கேளுங்க. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுவிட்டார்கள். ஷால் கொண்டு வராதவர்களுக்கு என்று ஒரு குவியல், நீலத்திலும் சிவப்பிலும் சாயம் முக்கி, கை கையாக அச்சுப் போட்ட ஷால்கள், டப்பா நிறைய ஊக்கு. வருகிற பையனை எல்லாம் நிறுத்தி, எப்படிக் குத்துவது என்று பெண்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'நுனி உள்ள போகட்டும், இல்லாட்டி குத்தும்.' மூளைதான் இல்லை, சேவை மனப்பான்மைக்குக் குறைச்சல் இல்லை. ஒரு பொய் உத்தரவுக்கு இவ்வளவு உழைப்பு. எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

எப்போது சாயம் போட்டார்களா? ராத்திரிக்கு ராத்திரி போட்டிருப்பார்கள் அக்கா. வேறு என்ன வேலை அதுகளுக்கு? அதுவா முக்கியம், கதையைக் கேளுங்க.

குழந்தைவேலு சாரும் ஷால் போட்டிருந்தார். வீட்டில் அவர் சம்சாரத்துடையது போல, மயில் கழுத்து நிறத்தில். ஒரு தோளில் ஊக்கு, இன்னொரு தோளில் ஊக்கு, நடுவில் விசில். பையன்களை வரிசையில் நிற்க வைத்துத் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். 'ஏண்டா, ஒரு பக்கம் ஊக்கு எங்கடா, இது காலேஜா கல்யாண மண்டபமா?' பெண்களிடம் கேட்கிற கேள்வி தவறிப்போய்ப் பையன்களிடம் வந்துவிட்டது. ஒருத்தனாவது சிரிக்க வேண்டுமே. எல்லாரும் முகத்தை இரும்பாக வைத்துக்கொண்டு, இதோ சார், குத்திக்கிறேன் சார் என்கிறார்கள். இவ்வளவு அடிமைகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

இப்போது வருகிறது, தயாராகிக்கொள்ளுங்க.

சேர்மன் கார் வந்தது. பின்னாலேயே குழுவின் வண்டி. குழந்தைவேலு சார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சேர்மன் காலைக் கீழே வைக்கப் போனவர், ஷாலைப் பார்த்தார், பாதியிலேயே நிறுத்திவிட்டார். காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். என்ன கருமமோ, வண்டியை ஆபீஸ் வாசலுக்கு விடு என்று டிரைவரிடம் சொல்லியிருப்பார். சார் பவ்யமாகக் கதவைச் சாத்தினார். சாத்தும்போது ஷால் நுனி கதவில் மாட்டிக்கொண்டது. கார் கிளம்பியது. சார் கூடவே நடக்கிறார். கார் கொஞ்சம் வேகம் எடுத்தது, சாரும் ஓடுகிறார். ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தியாயிற்றே, எங்கே கழட்டுவது? விசிலை ஊதிக்கொண்டே ஓடுகிறார். உள்ளேயிருந்து சேர்மன் பார்க்கிறார், இவன் ஏன் நம்மோடு ஓடி வருகிறான் என்று. குழுவின் வண்டியிலிருந்து எல்லாத் தலையும் எட்டிப் பார்க்கிறது.

இதுதான் அக்கா. இதுதான் அந்த இடம்.

சிரிக்க மாட்டேங்கிறீங்க. லேசாகச் சிரிச்சீங்க, அது கணக்கில் வராது. ஓடிக்கொண்டே விசில் ஊதினார் அக்கா. சரி விடுங்க, நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் என்ன ஆச்சா? அப்புறம் நடந்தது சுவாரசியமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குழுவுக்குத் தலைவர் ஒரு அம்மா, பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். சேர்மனிடம், ஆண்களுக்கும் ஒரே விதி, இது உங்கள் யோசனையா என்று கேட்டார். சேர்மனால் என்ன சொல்ல முடியும்? என் குரலில் எவனோ பேசியிருக்கிறான், என் காலேஜில் ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றா சொல்வார்? தொண்டையைச் செருமிவிட்டு, ஆமாங்க, நான்தான் சொன்னேன் என்றார். அந்தச் செருமல் அப்படியே நான் போட்டது.

பிறகு குழு கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனது. நாங்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தோம். உள்ளே ஒரு பையன், மன்றத்துக்காரன்தான், வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஷால் போட்டு, பர்னருக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஏம்ப்பா, இது நெருப்பில் பட்டுவிடாதா என்று அந்த அம்மா கேட்டார். இவன் என்ன சொல்ல வேண்டும்? படாது மேடம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கிறுக்கன் பயத்தில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டான்.

'படும் மேடம். பட்டுத்தான் ஒரு பொண்ணு கழட்டினா. அதுக்கு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. நாளைக்கு டி.சி.'

உளறுகிறவன் இவ்வளவு தெளிவாக உளறி நான் பார்த்ததில்லை. அந்த அம்மா பேனாவை மூடினார். அந்தப் பெண்ணை நான் பார்க்கலாமா என்று கேட்டார். சேர்மன் குழந்தைவேலு சாரைப் பார்த்தார், சார் விசிலைப் பார்த்தார். அதற்குள் மன்றத்தில் ஒருத்தி ஓடிவிட்டாள். மௌனிகா எங்கே இருப்பாள், எதிர் பேக்கரியில்தான். அவள் வந்த கோலத்தைப் பார்க்கணும் நீங்க. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, தலையை இழுத்துக் கட்டி, கையில் ரெக்கார்ட் நோட்டு. பேக்கரியில் டீ குடிக்கிறவள் எதற்கு லேப் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? பைத்தியம் என்று நான் முன்னாடியே சொல்லவில்லையா?

கருகின ஷாலைக் காட்டினாள். மன்னிப்பு எழுதாததற்குக் காரணம் கேட்டார்கள், சொன்னாள். அழவில்லை, குரல் ஏறவில்லை. அன்று சாயங்காலமே சேர்மனின் வாய்ஸ் வந்தது. நிஜச் சேர்மன். 'க்ஹ்ம்… லேபுல யாரும் ஷால் போடக் கூடாது… மத்த எடத்துல… அவுங்கவுங்க இஷ்டம்… அந்தப் புள்ள திங்கக்கெழம வரலாம்…' என்னுடையதோடு ஒப்பிட்டால் கொஞ்சம் உயிர் கம்மிதான்.

டி.சி. போகவில்லை, தைக் கல்யாணமும் நின்றுவிட்டது. கவர்மென்ட் ஆளுங்களே அந்தப் புள்ளையோடு பேசியிருக்காங்க என்று அவள் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

ஆனால் எனக்கு வயிறு எரிகிற இடம் வேறு. பஸ் ஷெட் சுவரில் இப்போது பெரிசாக, வண்ணம் வண்ணமாக, ஷால் போட்ட பையன்கள் வரிசை. சுண்ணாம்பு அடிக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. கீழே மன்றத்தின் பெயர். நாங்கள் ஜெயித்தோம் என்று பேச்சு. எவன் ஜெயித்தது? ஒரு வாய்ஸைக் கேட்டு ஆடு மாதிரி ஷால் போட்டு வந்தவர்கள், தாங்கள் போராடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு மூளை வேலை செய்தது, அது இதோ உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் எனக்கு டி.சி. அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

நேற்று பேக்கரிக்குப் போனேன். மௌனிகா தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு பப்ஸ் சொன்னாள். லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் குரல் வருமா உனக்கு என்று கேட்டாள். வருமாவாம். ஹாஸ்டல் கேட்டைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார் அந்த அம்மா, லைப்ரரிக்குக்கூட விடுவதில்லை. நான் அங்கேயே எடுத்துவிட்டேன். 'ஆறு மணிக்கு மேல என்ன வெளிய வேல, யாரு காத்துட்டு இருக்கா?' கொஞ்சம் மூக்கால் பேச வேண்டும் என்று அவள் சொன்னாள், மறுபடி செய்தேன். இன்னும் கொஞ்சம் மூக்கு என்றாள், செய்தேன். அப்போதுதான் சிரித்தாள். மௌனிகா சிரித்து நேருக்கு நேராக நான் பார்ப்பது அதுதான் முதல்.

அவள் குரலும் எனக்கு வரும் அக்கா. கஷ்டமான குரல், மேலே மெத்தென்று இருக்கும், அடியில் கம்பி ஓடும். நேற்று முழுக்க அதைத்தான் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்து மாறாது. 'போன தடவை மாதிரி கடைசி நேரத்துல அனுப்பாத லோகித். புதன்கெழம சாயந்தரமே அனுப்பிடு. எங்களுக்கும் வேலை செய்ய நேரம் வேணும்ல?' அந்த 'வேணும்ல'வில் லேசாக ஒரு இழுப்பு, கவனிச்சீங்களா? அது வருவதற்கு நான் ராத்திரி பூரா—

ஏன் அக்கா சிரிக்கிறீங்க? இது சிரிப்பு வருகிற இடமே இல்லையே. குழந்தைவேலு சார் ஓடியதுக்குச் சிரிக்கவில்லை, இதுக்கு இப்படி… முந்தானையை வேறு… அக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க.

என்ன? என் குரலில் சொல்லணுமா? அவள் சொன்னதையா? என் குரலில் சொல்லி என்ன இருக்கிறது, அதில் ஒரு அழகும் இருக்காது. சரி, கேட்டுட்டீங்க, சொல்கிறேன்.

போன தடவை மாதிரி கடைசி நேரத்துல அனுப்பாத, லோகித்.

போன தடவை மாதிரி…

அக்கா, போன தடவை நான் அனுப்பியது அவளுக்கு எப்படி…